சகாதேவன் மலாக்கா பார்த்தது

பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் நீளமாகக் கிடக்கும் மணல்திட்டில், முகத்துவாரத்துக்கு வடக்கே நாற்பது குடிசை கொண்ட ஒரு குப்பம் இருந்தது. அங்கே சகாதேவன் என்று ஒருவன். வடக்கே எளாவூர், மேற்கே திருப்பாலைவனம், இந்த இரண்டையும் தாண்டி அவன் கால் வைத்ததில்லை. ஆனாலும் ஊர் உலகத்தைப் பற்றி அவனளவுக்குப் பேசுகிறவன் குப்பத்தில் கிடையாது. காஞ்சிபுரம் போய்த் தேர் பார்த்துவிட்டு வந்த ஒருத்தர், தேர் இத்தனை உயரம் என்று கையைத் தூக்கிக் காட்டினால், சகாதேவன் குறுக்கே புகுந்து, "அது சின்னத் தேரு. பெரிசை நீ பாக்கல" என்பான். பார்த்துவிட்டு வந்தவருக்கே தான் பார்த்தது மட்டம்தானோ என்று சந்தேகம் தட்டிவிடும்.

தொழில் என்று பார்த்தால் ஏரியில் இறால் வலை. கப்பல் வந்து கடலில் நங்கூரம் போட்டால் படகு வேலை. ஒல்லாந்தர் கோட்டையிலிருந்து துணிப்பொதிகளை ஏற்றிக்கொண்டு, முகத்துவாரத்து அலையைத் தாண்டி, கப்பலில் சேர்த்துவிட்டு வர வேண்டும். அந்த அலையில் படகைக் கவிழ்க்காமல் கொண்டுபோக அவனை விட்டால் ஆளில்லை என்பதும் அவனே சொன்னதுதான். இதில் மட்டும் கொஞ்சம் உண்மை உண்டு.

ஒரு வருஷம் கப்பலில் காய்ச்சல் கண்டு ஏழு மாலுமிகள் செத்துப்போய்விட்டார்கள். மலாக்காவுக்குச் சரக்கு போயாக வேண்டும். ஆள் கேட்டுக் கரைக்கு வந்த துபாஷி, ஒல்லாந்தருக்குப் பாஷை பெயர்க்கிறவன், குப்பம் குப்பமாக அலைந்தான். ஒருத்தனும் அசையவில்லை. சகாதேவன் மட்டும் எழுந்து நின்றான். எழுந்த பிறகு உட்கார முடியாது. அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குடிசைக்கு வந்து சொன்னபோது அவன் பெண்டாட்டி இருசம்மாள் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"மலாக்கா எங்க கீதுன்னாச்சும் தெரியுமா?"

"கெழக்கால."

"கெழக்கால எல்லாந்தான் கீது. சூரியன் கூடத்தான் கீது."

"நாலு எடம் பாத்தாத்தாண்டி மனுசன்."

"நம்ம கூரையில நாலு எடம் பொத்தல் கீது. அத பாத்தியா?"

அவன் கூரையைப் பார்க்கவில்லை. மறுநாள் காலை மாற்று வேட்டி ஒன்றும் கருவாட்டு மூட்டை ஒன்றுமாகக் கப்பல் ஏறினான்.

முப்பத்துநான்கு நாள். அதில் முதல் பத்து நாள் வாந்தி. அலையைப் பிளந்து படகு விடுகிறவனுக்குக் கப்பலின் ஆட்டம் வேறு மாதிரி இருந்தது. மிச்ச நாள் தளத்தைத் தேய்த்தான், கயிறு இழுத்தான், உதை வாங்கினான். உடன் வேலை செய்த மாரி பழவேற்காட்டுக்காரன். மலாக்காவுக்கு ஏற்கெனவே இரண்டு முறை போய் வந்தவன். சகாதேவன் அவனைக் குடைந்தெடுத்தான். அங்கே இன்னா கீது, எது பெரிசு, எதை முதல்ல பாக்கணும்?

"கோட்டைன்னு ஒண்ணு கீதாம். மேட்டு மேல வேதக்கோயில் கீதாம். சீனங்க தெரு கீதாம்" என்றான் மாரி.

"கீதாமா? நீ பாக்கல?"

"எறங்கற எடத்துலயே சாராயக்கடை. நான் இன்னா பண்ண?"

மலாக்கா வந்தது. எட்டு நாள் பொதி இறக்கினார்கள். ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஒல்லாந்தர் வேலை செய்யாத நாள். சாயங்காலம் கோட்டையில் பீரங்கி வெடிப்பதற்குள் படகுத்துறைக்குத் திரும்பிவிட வேண்டும் என்று சொல்லி ஆட்களை விட்டார்கள். எல்லாரும் மாரி பின்னால் போனார்கள். சகாதேவன் மட்டும் தலைப்பாகையை உதறிக் கட்டிக்கொண்டு, தனியாக, ஊர் பார்க்கக் கிளம்பினான்.

ஊர் பார்க்கிறவன் எப்படி நடக்க வேண்டும் என்று அவனுக்கு ஒரு கணக்கு இருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தாடையைச் சற்றுத் தூக்கி, எதையும் இதற்கு முன்பே பார்த்தவன் போல. அப்படியே ஆற்றோரமாக நடந்தான். ஆற்றின் மேல் மரப்பாலம். அந்தப் பக்கம் கறுத்த கோட்டைச் சுவர், இந்தப் பக்கம் கடைகள். முதுகில் கயிறு போல ஜடையைத் தொங்கவிட்ட சீனர்கள் தகரம் நிறுத்துக்கொண்டிருந்தார்கள். முள்முள்ளாக ஒரு பழம் குவித்திருந்தார்கள். அழுகிய நண்டுச் சாக்கைத் திறந்த வாடை அடித்தது. அதைச் சுற்றி நின்று ஆட்கள் விரலை நக்கித் தின்றார்கள். சகாதேவன் மூக்கைப் பொத்தவில்லை. பழகினவன் போல ஒரு தரம் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தான்.

கோட்டைக்கு வழி எது? கேட்க வேண்டும். பாஷை தெரியாத ஊரில் கேட்பதற்கென்று முப்பத்துநான்கு நாளாகக் கை ஜாடை பழகி வைத்திருந்தான். மஸ்லின் அங்கவஸ்திரமும் தங்கக் கடுக்கனுமாக ஒருவர் எதிரே வந்தார். சகாதேவன் இரண்டு கையாலும் சுவர் எழுப்பிக் காட்டினான், வாசல் திறந்து காட்டினான், பீரங்கி வெடித்தும் காட்டினான்.

"கோட்டைக்குப் போகணுமா? பாலத்தைத் தாண்டி இடது கைப் பக்கம்" என்றார் அவர், சுத்தமான தமிழில்.

சகாதேவனுக்கு முகம் விழுந்துவிட்டது. இத்தனை கடல் தாண்டி வந்து தமிழா? அவர் பெயர் சம்பந்தம். நாகப்பட்டினத்துத் துணி வியாபாரி. இங்கே ஒரு தெருவே நம்மவர்கள்தான், பிள்ளையார் கோயில்கூட இருக்கிறது என்றார். பழவேற்காடு என்று சகாதேவன் சொன்னதும், ஊர் ஆளைக் கண்டுவிட்ட குஷியில் அவரே கூட வந்து எல்லாம் காட்டுவதாகவும், மத்தியானம் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றும் சொன்னார். சொல்லிக்கொண்டே, "பழவேற்காட்டுல யார் வீட்டுப் பிள்ளை நீங்க? தறிக்காரரா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. கடல் தொழிலு. வலை."

சம்பந்தம் இரண்டடி பின்னால் போனார். கோபமில்லை, வெறுப்பில்லை. தும்மல் வந்தால் முகம் திருப்புவது போலக் கால் தானாகப் பின்னால் போயிற்று. அவருக்குச் சட்டென்று ஒரு வேலை நினைவுக்கு வந்தது. பாலம் அந்தப் பக்கம் என்று மறுபடி கை காட்டிவிட்டுப் போய்விட்டார். பழவேற்காட்டுத் துணிக்கடைத் தெருவில் என்ன இரண்டடியோ அதே இரண்டடி. கப்பலில் எந்தப் பொதியில் வைத்து அதை இங்கே கொண்டுவந்தார்களோ, ஒரு விரற்கடைகூடக் குறையாமல் வந்து சேர்ந்திருந்தது.

கோட்டை வாசலில் வேறு தொல்லை. கல்லில் கப்பலும் ஈட்டிக்காரனும் செதுக்கிய பெரிய வாசல். அதை அண்ணாந்து பார்த்தபடி உள்ளே காலெடுத்து வைத்தவனைக் காவல்காரன் துப்பாக்கிக் கட்டையால் நெஞ்சில் தட்டி நிறுத்தினான். சகாதேவன் ஜாடை காட்டினான். பார்க்க வந்தவன், பார்த்துவிட்டுப் போய்விடுவேன். காவல்காரன் இப்படிப்பட்ட காரணத்தை வாழ்நாளில் கேட்டதில்லை போலிருக்கிறது. மறுபடி தட்டினான்.

அப்போது பின்னாலிருந்து ஒரு பெண் மூச்சு வாங்க வந்தாள். இருபத்தைந்து இருபத்தாறு வயது இருக்கும். ஒரு கையில் வெற்றிலைப் பெட்டி, கக்கத்தில் குடை, தலையில் பெரிய தேக்கு நாற்காலி. காவல்காரனிடம் அவன் பாஷையில் ஏதோ சொன்னாள். சகாதேவன் பக்கம் திரும்பாமலே, "யோவ், உள்ள போவணும்னா இந்த நாற்காலியைப் புடி. எங்க வூட்டு ஆளுன்னு சொல்லிக்கீறேன்" என்றாள்.

இந்தத் தமிழ் நாகப்பட்டினத்துத் தமிழ் இல்லை. ஏரிக்கரைத் தமிழ். சகாதேவன் ஆச்சரியப்படுவதற்குள் நாற்காலி அவன் தலைக்கு வந்துவிட்டது.

இப்படித்தான் அவன் பேர் பெற்ற மலாக்காக் கோட்டைக்குள் நுழைந்தான். பின்னால் கட்டியிருந்த கைகள் நாற்காலிக் காலைப் பிடித்திருந்தன. தூக்கி வைத்திருந்த தாடை நெஞ்சில் முட்டியது. மேட்டின் மேல் இருக்கும் வேதக்கோயிலுக்குப் போகும் படிகளில், மற்றவர்கள் கடலைப் பார்த்து ஏறினார்கள், இவன் தன் கட்டைவிரலைப் பார்த்து ஏறினான்.

"இன்னா மா, இவ்ளோ கனம்?"

"உக்கார்ற ஆளு அதவிட கனம். அதுக்கு சந்தோசப்படு."

அவள் எசமானி ஒல்லாந்தர் விதவை ஒருத்தி. கோயிலில் பெண்பிள்ளைகள் உட்கார அவரவர் வீட்டிலிருந்து நாற்காலி வர வேண்டும். நாற்காலி தானாக நடந்து வராது. அதனால் ஒவ்வொரு நாற்காலிக்கும் அடியில் ஒரு ஆள்.

உள்ளே கொண்டுபோய் வைத்தபோது சகாதேவன் தரையைப் பார்த்துத் திடுக்கிட்டான். தரை முழுக்கப் பெரிய பெரிய கல்லறைப் பலகைகள். சிலவற்றில் மண்டையோடு செதுக்கியிருந்தது.

"செத்தவன் மேலயா நாற்காலி போடுறாங்க?" என்று மெல்லக் கேட்டான்.

"செத்தவன் பறங்கி. இவங்க அவனை அடிச்சி ஊரைப் புடிச்சவங்க. மேலதான் உக்காருவாங்க" என்றாள் அவள். "வா, வெளிய. பாதிரி ஆரம்பிச்சா அஞ்சு நாழிகை விடமாட்டாரு."

வெளியே மரத்தடியில் நாற்பது ஐம்பது பேர் குடையும் பெட்டியும் வைத்துக்கொண்டு குந்தியிருந்தார்கள். வங்காளம், அரக்கான், எங்கெங்கோ தீவுகள், எல்லா ஊர் முகமும் அங்கே இருந்தது. கோயிலுக்குள்ளிருந்து பாதிரியாரின் குரல் அதட்டலாக வந்தது. இன்னா சொல்றாரு என்று சகாதேவன் கேட்டான்.

"அடுத்தவன் பொருள எடுக்காதன்றாரு. மூணு வாரமா இதான் நடக்குது. இன்னும் அவங்களுக்குப் புரியல போல."

அவள் பெயர் லோகாம்பாள். இங்கே ரோசா என்று கூப்பிடுகிறார்கள். திருப்பாலைவனத்தில் நெல் விளைவிக்கிற குடும்பம். திருப்பாலைவனம் என்றதும் சகாதேவனுக்குச் சிரிப்பு வந்தது. தன் குப்பத்தையும் தொழிலையும் சொன்னான். அவன் பார்த்த உலகத்தின் மேற்கு எல்லை அதுதானே. ஊர்க்காரியே வழிகாட்டக் கிடைத்தாள் என்று தெம்பு வந்து, தாடை மறுபடி மேலே எழும்பியது. அது இன்னா, இது இன்னா என்று மேட்டைச் சுற்றி அவளை நடத்தினான். அவளும் சொல்லிக்கொண்டே வந்தாள். அது வெடிமருந்துக் கிடங்கு. அது ஆஸ்பத்திரி. அது அதிகாரி வீடு, அதோ அந்தச் சன்னலிலிருந்து போன வருஷம் ஒரு பெண் குதித்துவிட்டாள்.

"இன்னா உயரம்?" என்றான் சகாதேவன்.

அவள் குடையை மறு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள்.

கடலோரச் சுவரில் வெளியே துருத்திக்கொண்டு ஒரு சின்ன மரக்கூண்டு இருந்தது. சேவகர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். போகும்போது முகத்தில் ஒரு கவலை, வரும்போது ஒரு சாந்தி. வெளியே இரண்டு பேர் அடக்கத்தோடு காத்திருந்தார்கள். சகாதேவனுக்கு விஷயம் பிடிபட்டது. தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு கடலைப் பார்த்துக் கும்பிட்டான்.

"இன்னாய்யா பண்றே?"

"கடல் சாமி கோயில்தானே?"

லோகாம்பாள் சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். காத்திருந்த சேவகர்கள் முறைத்தார்கள். "அது கக்கூசுய்யா! உள்ள போயி கடல்ல விடுறாங்க!"

அவனும் சிரித்தான். இரண்டு பேரும் சுவரோரம் உட்கார்ந்தார்கள். அவள் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து எசமானியின் பாக்கில் ஒன்றை எடுத்து அவனுக்குக் கொடுத்தாள். சிரித்ததில் அவனுக்கு நெருக்கம் வந்துவிட்டது. ஊர் பார்க்க வந்த ஒருவன் ஊர் பார்க்க வந்த இன்னொருத்தியைக் கேட்பது போலக் கேட்டான்: "நீ எப்டிம்மா இங்க வந்தே? ஊர் பாக்கணும்னா?"

அவள் தனக்கும் ஒரு வெற்றிலையை எடுத்து மடித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"ஆமா. புள்ள ஊரு பாக்கட்டும்னு கப்பல்ல ஏத்தி இட்டாந்தாங்க."

பிறகு சொன்னாள். பெரிய பஞ்சம் வந்த வருஷம் அவளுக்குப் பதின்மூன்று வயது. அவள் நைனா செத்துப்போயிருந்தார். சித்தப்பன் தருமலிங்கம்தான் வீட்டுக்குப் பெரியவன். பழவேற்காட்டுல கஞ்சி ஊத்துறாங்க, வா என்று கூட்டிக்கொண்டு போனான். ஏரிக்கரையில் ஒரு கொட்டகை. கஞ்சி ஊற்றினார்கள், அதில் பொய்யில்லை. ஒரு தரகன் வந்து அவள் பல்லைப் பார்த்தான். சித்தப்பன் வெளியே போய்விட்டு வருகிறேன் என்று போனான். கொட்டகையில் இருநூறு பேர் இருந்தார்கள். ஆறு நாள் கழித்துப் படகில் ஏற்றிக் கப்பலில் விட்டார்கள்.

"ஊர்ல இருந்தப்ப உங்க ஆளுங்க மீன்கூடையோட வந்தா வாசப்படி ஏத்த மாட்டோம். தள்ளி நின்னு போடுன்னுவேன் நானே. இப்ப பாரு, நீ நாற்காலி தூக்குற, நான் பெட்டி தூக்குறேன்." வெற்றிலையைத் துப்பினாள். "அந்தப் படகுல ஒருத்தன் துடுப்பு போட்டுக்கினே பாடிக்கினு வந்தான். நாங்க அத்தினி பேரும் அழுவுறோம், அவன் பாடுறான். அந்த வருஷம் நீ இன்னா பண்ணிக்கினு இருந்தே?"

பெரிசை நீ பாக்கல என்று ஊரைத் திருத்துகிற வாய் அது. ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஏனோ வரவில்லை.

"படகு ஓட்டிக்கினு இருந்தேன்."

"யாரை ஏத்திக்கினு?"

அவன் கடலைப் பார்த்தான். அந்த வருஷம் துணி இல்லை, மீன் வாங்க ஆளில்லை. கொட்டகையிலிருந்து கப்பலுக்கு ஒரு நடைக்கு இரண்டு படி அரிசி என்றார்கள். குப்பமே வரிசை கட்டி நின்றது. அலை தாண்டும்போது துடுப்புக்காரன் எவனும் பாடத்தான் செய்வான். பாடாவிட்டால் கை ஒன்றுசேராது. அவன் பாடினானா, பக்கத்துப் படகுக்காரன் பாடினானா, அவளுக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. கஞ்சி கிடைக்கிற ஊருக்குப் போகிறார்கள் என்று அப்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டது மட்டும் நினைவிருந்தது.

லோகாம்பாளுக்குப் பதில் தேவைப்படவில்லை. பெட்டியை மூடினாள். கோயிலில் மணி அடித்தது.

"எழுந்திரு. நாற்காலிய எடு. ஆட்டம் முடிஞ்சிபோச்சி."

அவன் எடுத்தான். இறங்கும்போது நாற்காலி இன்னும் கனத்தது. வாசலில் அதை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டபோது அவள் சொன்னாள்: "திருப்பாலைவனம் போனா எங்க சித்தப்பன்கிட்ட சொல்லு. லோகாம்பா நல்லா கீறான்னு. இங்க நெறைய நாற்காலி கீது, தூக்க ஆள் பத்தல, அவனுக்கு விருப்பம்னா வரட்டும்னு." இரண்டடி போய்விட்டுத் திரும்பினாள். "எங்கம்மா இருந்தா ஒண்ணும் சொல்லாத. செத்தவளுக்கு ஒரு தரம் அழுது முடிச்சிருப்பா."

மிச்சப் பகலில் அவன் சீனத் தெருவைப் பார்த்தான், சந்தையைப் பார்த்தான், கோயில்கூட ஒன்று பார்த்தான். எதைப் பார்த்தான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. ஊர் பார்த்ததற்கு அடையாளமாக ஒரு பீங்கான் கிண்ணம் வாங்கினான். அதில் நீல மையில் மீன் எழுதியிருந்தது. கடலில் மீன் பிடிக்கிறவன் கடல் தாண்டி வந்து வாங்கியது ஒரு மீன் படம். பீரங்கி வெடிப்பதற்கு வெகு முன்னாலேயே துறைக்கு வந்து, தனியாக உட்கார்ந்திருந்தான்.

காற்று திரும்பியதும் கப்பலும் திரும்பியது. குப்பத்தில் அவனை இறக்கித் தோளில் தூக்காத குறை. இருசம்மாள் கிண்ணத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இன்னா மீனு இது? செதில் வாலுல கீது."

"அங்க அப்டித்தான் மீனு."

அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு நான்கு மாதம் ஓடியது. வலை பிரிக்கிற இடத்தில், படகு தள்ளுகிற இடத்தில், கள்ளுக்கடையில், சகாதேவனைச் சுற்றிக் கூட்டம். மலாக்காக் கோட்டை ஒவ்வொரு வாரமும் ஒரு முழம் வளர்ந்தது. சம்பந்தம் அவனைக் கட்டிப்பிடித்து வீட்டுக்கு அழைத்துப்போய் ஏழு கறியோடு சோறு போட்டார். காவல்காரன் துப்பாக்கியைச் சாய்த்து வணங்கி வழிவிட்டான். கடல் சாமி கோயிலில் ஒல்லாந்தர் வரிசையில் நின்று கும்பிட்டதை அவன் சொன்னபோது, குப்பத்தில் இரண்டு கிழவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மீன் விற்கப் போகிற பெண்கள் இதையெல்லாம் மேற்கே பொன்னேரி வரைக்கும் கூடையில் வைத்துக்கொண்டு போனார்கள். மாரியும் கூடத்தான் போய் வந்தான், ஆனால் அவனை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சாராயத்தின் ருசியைத்தான் சொல்லியிருப்பான், அதாவது அவன் பொய் சொல்லியிருக்க மாட்டான்.

நாற்காலியைப் பற்றி மட்டும் சகாதேவன் வாய் திறக்கவில்லை.

இருசம்மாள் கதையை ஐம்பது தரம் கேட்டிருப்பாள். ஒரு காலை வேளையில் மீன் பிரித்துக்கொண்டே கேட்டாள்: "வாசல்ல நொழஞ்சே. அப்பறம் மத்தியானம் சீனத் தெருவுல கீறே. நடுவுல அஞ்சு நாழிகை எங்க போச்சி?"

"மேட்ட சுத்திப் பாத்தேன்."

"யாரு கூட?"

அவளிடம் சொல்லிவிட்டான். நாற்காலி, பாக்கு, கொட்டகை, படகு, எல்லாவற்றையும். அவள் கை நிற்கவில்லை. இறாலை ஒரு பக்கமும் நண்டை ஒரு பக்கமும் போட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் சொன்னாள்: "அந்த அரிசிய நாந்தான் பொங்கினேன். நானுந்தான் தின்னேன். வயிறார தின்னேன்." கொஞ்சம் கழித்து, "போயி சொல்லிட்டு வா" என்றாள்.

"அவ செத்துட்டான்னு நெனச்சிக்கினு இருக்காங்க. கிளறி இன்னா ஆவப்போவுது?"

"நான் மீன் எடுத்துக்கினு அந்தப் பக்கந்தான் போறேன். நீ சொல்லலன்னா நான் சொல்றேன். தெருவுல நின்னு கத்தி சொல்றேன்."

போனான். திருப்பாலைவனத்தில் அறுப்பு முடிந்து களத்துமேட்டில் நெல் தூற்றிக்கொண்டிருந்தார்கள். தருமலிங்கம் புளியமரத்து நிழலில் உட்கார்ந்திருந்தார். நெற்றி நிறைய விபூதி. காய்ச்சலில் செத்துப்போன அண்ணன் மகள் பேரில் கோயிலுக்கு விளக்கு போட்டவர், வருஷம் தவறாமல் அவளுக்குப் படையல் வைக்கிறவர் என்று ஊரில் நல்ல பெயர். மலாக்கா போனவன் வந்திருக்கிறான் என்றதும் அவருக்கும் குஷி. களத்துக்கு வெளியே வரப்பில் அவனை நிற்கச் சொன்னார். "அந்த ஏழு கறி கதையைச் சொல்லு, கேப்போம்" என்றார். பத்துப் பேர் வேலையை விட்டுவிட்டுக் கூடினார்கள்.

சகாதேவன் அந்தக் கதையைச் சொல்லவில்லை. கொடுத்தனுப்பிய சொல்லை மட்டும், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல், அப்படியே சொன்னான். லோகாம்பாள் நன்றாக இருக்கிறாள். அங்கே நிறைய நாற்காலி இருக்கிறது. தூக்க ஆள் பத்தவில்லை. சித்தப்பனுக்கு விருப்பமென்றால் வரலாம்.

தருமலிங்கத்தின் முகம் ஒரு கணம் வெளுத்தது. மறுகணம் தொடையைத் தட்டிச் சிரித்தார். "பாத்தீங்களா? கோட்டைய ஆகாசத்துக்கு வளத்தான், இப்ப செத்தவள எழுப்புறான்! சாராயம் உள்ள போனா எதுவும் பேசுவாங்க இவங்க." கூட்டமும் சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்யும்? நான்கு மாதமாக அவன் சொன்ன பொய்யையெல்லாம் நம்பி வாயைப் பிளந்தவர்கள், அவன் சொன்ன முதல் உண்மைக்குச் சிரித்தார்கள்.

களத்தின் ஓரத்தில் முறத்தால் பதர் புடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் மட்டும் கையை நிறுத்தினாள். நரைத்த தலை, வெள்ளைச் சேலை. முறத்தைக் கீழே வைத்துவிட்டு வரப்புவரை வந்தாள். மணியம்மாள், லோகாம்பாளின் தாய்.

"அவளுக்கு சோறு போடுறாங்களா?"

"போடுறாங்கம்மா. மூணு வேளை."

"அடிக்கிறாங்களா?"

சகாதேவன் மலாக்காவில் எல்லாம் கேட்டிருந்தான். கோட்டையின் உயரம் கேட்டிருந்தான். கிடங்கைக் கேட்டிருந்தான், ஆஸ்பத்திரியைக் கேட்டிருந்தான், சன்னலின் உயரத்தைக்கூடக் கேட்டிருந்தான். அடிக்கிறாங்களா என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

"நான் கேக்கலம்மா."

"கேக்கலியா" என்றாள் மணியம்மாள். திரும்பிப் போய் முறத்தை எடுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு மலாக்கா பேச்சு அவன் வாயில் மெல்லமெல்லக் குறைந்தது. யாராவது வற்புறுத்தினால் கோட்டை வாசல்வரைக்கும் சொல்வான். அங்கே வந்ததும் இருமல் வரும், தண்ணீர் குடிப்பான், வேறு பேச்சுக்குப் போய்விடுவான். இதற்காக அவன் திருந்திவிட்டான் என்று யாரும் நினைக்க வேண்டாம். காஞ்சிபுரத்துத் தேர் சின்னத் தேர் என்பதில் சாகும்வரைக்கும் உறுதியாகத்தான் இருந்தான். கப்பல் வந்தால் படகும் ஓட்டினான். பொதி மட்டும் ஏற்றுவேன் என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தான். அந்த நாளில் பொதி மட்டும்தான் இருந்தது, அதனால் அந்தச் சொல்லைச் சோதித்துப் பார்க்க யாருக்கும் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை.

அந்த வருஷம் ஆடி அமாவாசை கழிந்த மறுநாள் இருசம்மாள் திருப்பாலைவனத்திலிருந்து வெறுங்கூடையோடு வந்தாள். கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள். தருமலிங்கம் வழக்கம்போல அண்ணன் மகளுக்கு வாழையிலை விரித்து, சோறு, வடை, புதுப் பாவாடை எல்லாம் வைத்துப் படைத்தாராம். கர்ப்பூரம் ஏற்றப் போகும்போது மணியம்மாள் வந்து, அந்த இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஊரே பார்க்க, ஒரு பருக்கை விடாமல் அத்தனையும் தின்றுவிட்டு, இலையை மடித்துப் போட்டுவிட்டு எழுந்து போனாளாம்.

"இன்னா சொன்னாளாம்?" என்றான் சகாதேவன்.

"ஒண்ணும் சொல்லல. உப்பு கம்மின்னாளாம்."